மூன்றில் ஒன்று

இரண்டாவது பிள்ளை தங்கியிருக்கிறது என்று உறுதியான அன்று வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கை குளிர்ந்தது. 2024 ஒக்ரோபர் கடைசி. மாமி உடனேயே சந்நிதிக் கோயிலுக்கு அன்னதானம் நேர்ந்தா. இவர் மகளைத் தூக்கிச் சுற்றினார். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டி, "இந்த முறை ஒண்டும் நடக்காது பிள்ளை, ரெண்டாவது எண்டா லேசு" என்றா. நான் அறைக்குள் போய்க் கட்டிலில் இருந்து கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தேன். பள்ளம் விழவில்லை. ஆறு கிழமைக் கருவில் கால் வீங்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அழுத்தினேன்.

மகள் பிறந்தது 2022 ஜூலை முதற்கிழமை. அந்த ஆண்டை இலங்கையில் இருந்த ஒருவரும் மறக்க மாட்டார்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஜூன் 27ஆம் திகதி, அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறொருவருக்கும் எரிபொருள் விற்பதில்லை என்று அரசாங்கம் அறிவித்தது. நெல்லியடியில் பெற்றோல் வரிசை சந்தியைத் தாண்டி நின்றது. கரவெட்டிக்குள் ஓட்டோச் சத்தமே இல்லை. நான் அப்போது ஏழு மாதம் கடந்திருந்தேன். கால் வீங்கியது. செருப்பு ஏறவில்லை. மின்விசிறி இல்லாத இரவுகளில் தலை இடித்தது. வெக்கைக்குத்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பிறகொருநாள் விடியற்காலையில் எழும்பி நின்றபோது கண்ணுக்குள் மினுக் மினுக்கென்று வெளிச்சப் பொட்டுகள் ஓடின. நெஞ்சுக்குக் கீழே, வலப்பக்கம், யாரோ கையால் பிசைகிற நோ.

முன்வீட்டுப் பொடியன் தன்னுடைய மோட்டச்சயிக்கிளிலிருந்து பெற்றோலை ஒரு சோடாப் போத்தலுக்குள் இறக்கிக்கொண்டு வந்து ஓட்டோக்காரரிடம் கொடுத்தான். மந்திகை ஆஸ்பத்திரியில் பிறஷர் பார்த்த மிஸி இரண்டாந்தரமும் பார்த்தா. 170க்கு 110. சலத்தில் புரதம். அதற்குப் பிறகு ஒருவரும் நடந்து வரவில்லை, எல்லாரும் ஓடித்தான் வந்தார்கள். வலிப்பு வராமலிருக்க மக்னீசியம் சல்பேற் ஏற்றினார்கள். அது உடம்புக்குள் போகும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை தீப்பற்றுகிற எரிவு. பிள்ளையின் நுரையீரல் முதிருவதற்கு இன்னொரு ஊசி. குறைமாதப் பிள்ளைக்கான தீவிர கவனிப்பு வேண்டும் என்று அம்புலன்சில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வல்லைவெளியைக் கடக்கும்போது வாகனம் மெதுவாகியது. சாரதி முனியப்பர் கோயில் பக்கம் திரும்பி ஒரு கையால் கும்பிட்டதை நான் படுத்திருந்தபடி கண்டேன். அந்த மனிதருக்கு என்னைத் தெரியாது. எனக்காகத்தான் கும்பிட்டார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

மகள் 1,340 கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். என்னுடைய பிறஷர் இறங்க நாள் எடுத்தது. அதுவரை நான் அவளைப் போனில் எடுத்த படத்தில்தான் பார்த்தேன். பிறகு ஒரு மிஸி அவளைத் தூக்கி என் நெஞ்சில், தோலோடு தோலாக வைத்துச் சேலைத் துண்டால் கட்டிவிட்டா. 1978இல் கொலம்பியாவின் பொகோற்றாவில், பெட்டிகள் போதாமல் தாயின் நெஞ்சையே பெட்டியாக்கிய வைத்தியர்கள் தொடங்கிய முறை அது என்று பின்னர் படித்தேன். தட்டுப்பாட்டிலிருந்து வந்த வைத்தியம், தட்டுப்பாடான ஆண்டில் எங்களுக்கு வந்து சேர்ந்தது. இவர் ஒவ்வொரு நாளும் கரவெட்டியிலிருந்து சயிக்கிளில் வந்தார். நுரையீரல் ஊசியின் கதையையும் அந்த விடுதியில் இருந்துதான் தேடி வாசித்தேன்: நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்பவர் செம்மறிகளில் கண்டறிந்ததை, ஹோவி என்ற குழந்தை வைத்தியரோடு சேர்ந்து தாய்மாரில் பரிசோதித்து 1972இல் வெளியிட்டார். நான் பார்த்தேயிராத அந்த இரண்டு பேருக்கும் மனதுக்குள் ஒரு நன்றி சொல்லிவிட்டு, மகளின் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்.

அவள் தப்பினாள், வளர்ந்தாள், முன்பள்ளிக்குப் போகிறாள். அதனால் எல்லாருக்கும் அந்தக் கதை நல்லபடியாக முடிந்த கதை. எனக்கு அது முடியவில்லை. குழம்பு கொதிக்கிற சத்தம் கேட்டால் சில நேரம் அந்த ஊசியின் எரிவு தொண்டையில் ஏறும். மகளுக்கு ஒரு தம்பி வேண்டும் என்று ஊர் கேட்டபோதெல்லாம் சிரித்துச் சமாளித்தேன். வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆசையும் பயமும் ஒரே அளவில் இருந்தன. ஒன்றை ஒன்று குறைக்கவில்லை.

நான் கணக்குப் படிப்பிக்கிறவள். சாதாரணதரப் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு சொல்லிக் கொடுக்கும்போது, பைக்குள் சிவப்புப் போளை ஒன்றும் நீலப் போளை இரண்டும் இருக்கின்றன என்றுதான் தொடங்குவேன். முதற்பிரசவம் 28க்கும் 34க்கும் இடைப்பட்ட கிழமைகளில் பிறஷர் ஏறிச் சலத்தில் புரதம் போகிற இந்த நோயால் நடந்தவர்களில், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அடுத்த கர்ப்பத்திலும் அது வருகிறது என்று பிரித்தானிய வைத்திய வழிகாட்டி ஒன்றில் இருக்கிறது. அதே பை, அதே மூன்று போளை. வகுப்பில் மூன்றில் ஒன்று என்பது ஒரு பின்னம். இரவு இரண்டு மணிக்கு அது பின்னமாக இருப்பதில்லை. கையை விட்டால் சிவப்பு வரும், அல்லது வராது, இடையில் ஒன்றுமில்லை. மூன்றில் இரண்டு பங்கு நல்லது நடக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நல்லது நடக்கும் பங்கு எவ்வளவு பெரிதென்றாலும் பயம் சின்னப் பங்கில்தான் போய் இருந்துகொள்கிறது.

இதற்குள் "ஒண்டும் நடக்காது" என்று வந்தவர் போனவர் எல்லாரும் சொன்னார்கள். அன்பால்தான் சொன்னார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தச் சொல்லை நான் இன்றைக்கும் ஏற்கவில்லை. ஒன்றும் நடக்காது என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவருக்கு முன்னால் அதற்குப் பிறகு நான் பயப்பட முடியாது. முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டு தேத்தண்ணி ஊற்ற வேண்டும். நடந்த ஒன்றை நடக்காததாக்குகிற சொல் அது.

எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ் அப்படிச் சொல்லவில்லை. குடும்பநல உத்தியோகத்தர் என்பது அவவின் பதவிப் பெயர். ஊரில் மிஸ் என்றால் அவதான். நவம்பர் தொடக்கத்தில் பதிவதற்கு வந்தவ, விறாந்தையில் இருந்து கர்ப்பவதி அட்டையைத் திறந்துவிட்டு, பேனையை மூடி வைத்தா. "போன முறை என்ன நடந்தது, பிள்ளை? முதல்லையிருந்து சொல்லு" என்றா.

"மிஸ்சுக்குத் தெரியும்தானே?"

"எனக்குத் தெரிஞ்சது கிடக்கட்டும். நீ சொல்லு."

சொன்னேன். செருப்பு ஏறாததிலிருந்து தொடங்கிக் கண்ணாடிப் பெட்டி வரைக்கும். மாமி இரண்டு தரம் இடையில் புகுந்து, "இப்ப ஏன் அதை" என்றா. மிஸ் கையைக் காட்டி நிறுத்தினா. நான் முடித்த பிறகுதான் எழுதத் தொடங்கினா. எத்தனையாம் கிழமை, பிறஷர் எவ்வளவு, வலிப்பு வந்ததா, பிள்ளையின் நிறை. எழுதி முடித்து அட்டையின் மேல்மூலையில் சிவப்பு மையில் ஓர் அடையாளம் போட்டா. என் பயம் முதன்முதலாக ஒரு கடதாசியில் ஏறியது. எவ்வளவு பெரிய ஆறுதல் அது என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டா: "அம்மாவுக்கு இப்பிடி இருந்ததோ? சகோதரிமாருக்கு?"

எனக்குச் சகோதரங்கள் இல்லை. அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியவில்லை.

"கேட்டுச் சொல்லு. தாய்க்கு இருந்தாப் பிள்ளைக்கு வரச் சந்தர்ப்பம் கூட."

அம்மா கொக்குவிலில் இருக்கிறா. நவம்பர் கடைசிக் கிழமையில் என்னைப் பார்க்க வந்தவ, மழையில் அகப்பட்டுக்கொண்டா. அந்த மழை யாழ்ப்பாணத்தையே மூழ்கடித்தது. எங்கள் ஒழுங்கையில் முழங்கால் மட்டும் வெள்ளம். கிணறும் முற்றமும் ஒரே மட்டம். கரண்ட் இல்லை. மகளை நித்திரையாக்கிவிட்டுக் கைவிளக்கு வெளிச்சத்தில் இருந்தபோது மிஸ் கேட்டதை அம்மாவிடம் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தா.

நான் 1995ஆம் ஆண்டு நவம்பரில் பிறந்தவள். போர் இடப்பெயர்வில் வயிற்றில் இருந்த பிள்ளை என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தில் நெருங்கி நின்ற கதை எங்கள் வயதுக்காரர் எல்லாருடைய வீட்டிலும் உண்டு. அம்மாவும் அப்பாவும் அதில் நடந்து, தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கி, பிறகு வடமராட்சியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தார்கள். நான் மந்திகையில் பிறந்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"கால் ரெண்டும் வீங்கிப்போய்க் கிடந்தது" என்றா அம்மா. "நடந்ததாலை எண்டு நினைச்சன். எல்லாருக்கும்தான் வீங்கினது. தலையிடி எண்டா, தலையே வெடிக்கிற இடி. மழையிலை நனைஞ்சதுக்கு எண்டு அப்பா கோப்பி போட்டுத் தந்தார். பிறகு ஒருநாள் கண் தெரியேல்லை. விளக்கு நூந்துபோச்செண்டு கத்தினன். விளக்கு எரிஞ்சுகொண்டுதான் இருந்ததாம்."

"பிறகு?"

"பிறகு எனக்கு ஒண்டும் தெரியாது. சன்னி வந்ததாம். கண் முழிச்சா ஆஸ்பத்திரி. பக்கத்திலை ஒரு பிள்ளை. ஆற்றை பிள்ளை எண்டு கேட்டன்."

அம்மாவுக்கு நான் பிறந்தது தெரியாது. இருபத்தொன்பது வருடமாக இதை அவ என்னிடம் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "ஆரும் கேக்கேல்லையே" என்றா. சனமெல்லாம் வீடு வாசல் இழந்து நின்ற காலம். உயிரோடு இருந்தால் போதும் என்று இருந்த காலம். அதற்குள் ஒரு பிள்ளைப்பேற்றைப் பற்றி யார் இருந்து கதைப்பார்கள்? எனக்குப் பிறகு அம்மா பெறவில்லை. ஒற்றைப் பிள்ளையோடு நிறுத்திவிட்டாள் என்று சொந்தம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். தங்கவில்லை என்று அம்மா எல்லாருக்கும் பதில் சொல்லிவந்தா. அந்த மழை இரவில்தான், "நான் விடேல்லை, பிள்ளை. பயத்திலை நான்தான் விடேல்லை" என்றா.

வெள்ளம் வடிந்து மிஸ் வந்ததும் சொன்னேன். தாய்க்கு வலிப்பு, 1995, என்று அட்டையில் ஏறியது. வாசலில் நின்ற அம்மாவிடம் மிஸ் திரும்பி, "இப்ப பிறஷர் பாக்கிறனீங்களோ, அம்மா?" என்று கேட்டா. அம்மா இல்லை என்று தலையாட்டினா.

பன்னிரண்டாம் கிழமையிலிருந்து இரவில் குறைந்த அளவு அஸ்பிரின், அதோடு கல்சியம். நெஞ்சுவருத்தக்காரரின் குளிசை எனக்கு ஏன் என்று மாமி ஏங்கிப்போனா. கிளினிக்கில் நிபுணர் சொன்ன விளக்கத்தை நான் மாமிக்குச் சொன்னேன்: கருப்பையின் இரத்தக் குழாய்கள் முதல் மாதங்களில் விரிந்து கொடுக்காவிட்டால் நச்சுக்கொடிக்குப் போதிய இரத்தம் போகாது; அந்தக் கொடி பிறகு தாயின் உடம்பு முழுவதும் குழாய்களைக் கெடுக்கிறது; பிறஷர் ஏறுகிறது. அதனால்தான் கால் வீங்கிய பிறகல்ல, ஒன்றுமே தெரியாத காலத்திலேயே குளிசையைத் தொடங்க வேண்டும். 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஆபத்துக் கூடிய பெண்கள் பதினொன்றிலிருந்து பதினான்காம் கிழமைக்குள் தொடங்கி இரவில் 150 மில்லிகிராம் எடுத்தபோது, குறைமாதத்தில் பிரசவிக்க வைக்கிற வகை நோய் அறுபது வீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. இந்த எண்ணிக்கையை நான் பலமுறை வாசித்தேன். பையிலிருந்து யாரோ சிவப்புப் போளையை முழுதாக எடுத்துவிடவில்லை. ஆனால் அதில் கை வைத்திருக்கிறார்கள்.

டிசம்பரில் இன்னொரு பயம் வந்தது. பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கம் காய்ச்சலில் ஆட்கள் செத்தார்கள். முதலில் என்ன காய்ச்சலென்று தெரியவில்லை; பிறகு எலிக்காய்ச்சல் என்று உறுதிப்பட்டது. வெள்ளத்தில் இறங்கினவர்களுக்கும் வயல்காரருக்கும் தடுப்புக் குளிசை கொடுத்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு அந்தக் குளிசை தர மாட்டார்கள். நான் முற்றத்துத் தண்ணியில் கால் வைக்காமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். இவர் வெளியிலிருந்து வந்தால் கிணற்றடியில் கால் கழுவி, சவர்க்காரம் போட்டு, மறுபடியும் கழுவித்தான் உள்ளே வருவார். ஒரு சொல் பேசியதில்லை.

இவருடைய அம்மம்மாவுக்குத் தொண்ணூறு வயது. ஒருநாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, தன் காலத்தில் பிள்ளைப்பேற்று அறைக்குள் கொத்தி வரும் என்று சொன்னா. வாசலில் வேப்பிலை, தலைமாட்டில் இரும்பு. பிள்ளை பிறந்த பிறகு மருத்துவிச்சி சத்தம் போட்டுக் கொத்தியைக் கலைத்துவிடுவாவாம். கேட்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மம்மாவின் அக்காமார் இரண்டு பேர் பிள்ளைப்பேற்றில் இறந்தவர்கள். அவ பிறந்த 1930களில், இந்த நாட்டில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு இரண்டாயிரம் தாய்மாருக்கு மேல் செத்தார்கள். இன்றைக்கு அது முப்பது அளவில் நிற்கிறது. இடையில் நடந்தவை இலவச ஆஸ்பத்திரிகளும் சயிக்கிளில் வந்த மிட்வைஃப்மாரும். ஆனால் அந்தப் பழைய அறையில் ஒன்று இருந்தது: பயப்படாதே என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. பயத்துக்கு ஒரு பெயர் இருந்தது, அதை வெளியே துரத்துவதற்கென்று ஓர் ஆளும் இருந்தா.

என்னுடைய ஆள் மிஸ். பிறஷர் மெசின் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். பயம் வரும்போதெல்லாம் அதை எடுத்துக் கையில் கட்டுவேன். பயத்தில் பார்த்தால் கூடத்தான் காட்டும். கூடக் காட்டினால் இன்னும் பயம். மிஸ் கண்டுபிடித்துவிட்டா. "காலமையும் பின்னேரமும் மட்டும் பார். அஞ்சு நிமிசம் பேசாமல் இருந்துபோட்டுப் பார். ஒரே கையிலை பார். இடையிலை அந்தரம் வந்தா வரட்டும், வந்த நேரத்தைக் கொப்பியிலை எழுதி வை. கிளினிக்குக்குக் கொண்டு வா" என்றா. எழுதினேன். பயம் வந்த நேரங்களைப் பார்த்தால் அநேகமாக விடியப்புறம், மகளின் அறையில் சத்தமே இல்லாத நேரம். இன்னொன்றும் சொன்னா: தலையிடி, கண் மங்கல், வலப்பக்க நோ, முகத்தில் திடீர் வீக்கம், பிள்ளையின் அசைவு குறைதல். இதில் ஒன்று வந்தாலும் நேரம் காலம் பார்க்காதே, 1990க்கு அடி, அம்புலன்ஸ் வரும். மற்ற நேரம் வருகிற பயத்துக்கு என்னைக் கூப்பிடு. கூப்பிட்டேன். ஒரு நாளும் சலித்துக் கதைக்கவில்லை.

மார்ச்சில் சாதாரணதரப் பரீட்சை. பிள்ளைகளை அனுப்பிவிட்டு நான் லீவு போட்டேன். ஏப்ரல் கடைசியில் முப்பத்திரண்டாம் கிழமை வந்தது. மகள் பிறந்த கிழமை. அந்த ஏழு நாளும் வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். அம்மா கொக்குவிலிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினா. இரவில் என் பக்கத்தில் பாயில் படுத்தா. "பிள்ளை, கண் தெரியுதோ?" என்று இருட்டில் கேட்பா. "தெரியுது, அம்மா" என்பேன். வேறு யாராவது கேட்டிருந்தால் எரிச்சல் வந்திருக்கும்.

முப்பத்தாறாம் கிழமையில் பிறஷர் ஏறியது. 144க்கு 92. கொப்பியில் எழுதும்போது கை நடுங்கியது. ஆனால் இந்த முறை அந்த எண் எல்லாருக்கும் தெரிந்த எண். பெரியாஸ்பத்திரியில் விடுதிக்கு எடுத்தார்கள், குளிசை தந்தார்கள், சலம் பார்த்தார்கள், இரத்தம் பார்த்தார்கள். ஒருவரும் ஓடவில்லை. முப்பத்தேழு முடிந்ததும் சத்திரசிகிச்சை. மகன் 2,560 கிராம். பிறந்த உடனேயே அழுதான். அந்த அழுகையை நான் என் காதால் கேட்டேன். மகளின் முதல் அழுகையை நான் கேட்டதில்லை. என்னுடைய முதல் அழுகையை அம்மா கேட்டதில்லை.

பயம் அதோடு போய்விட்டதென்று சொல்ல மாட்டேன். பிரசவத்துக்குப் பிறகும் கிழமைக்கணக்கில் இந்த நோய் வரலாம் என்று சொல்லித்தான் வீட்டுக்கு விட்டார்கள். மிஸ் வந்து பார்த்தா, மெசினை நானும் விடவில்லை. பிறஷர் பழைய இடத்துக்கு வந்தது. ஆனால் கர்ப்பத்தில் இந்த நோய் வந்தவர்களுக்குப் பின்னாளில் உயர் இரத்த அழுத்தமும் இருதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட என்று கிளினிக்கில் சொன்னார்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். அதைக் கேட்டபோது எனக்கு என் நினைவு வரவில்லை, அம்மாவின் நினைவுதான் வந்தது. முப்பது வருடமாக அவவின் கையில் யாரும் பட்டி கட்டியதில்லை.

கிளினிக்குக்கு வரமாட்டேன் என்று அம்மா நின்றா. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, சீனியும் இல்லை, கொலஸ்ரோலும் இல்லை என்றா. மகனைக் காட்டி இழுத்துக்கொண்டு போனேன். வைத்தியர் இளம் பிள்ளை, என்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். பிறஷரைப் பார்த்தா: 168க்கு 100. குடும்பத்தில் யாருக்கும் உண்டோ, மருந்து ஏதும் பாவிக்கிறீர்களோ என்று கேட்டுக்கொண்டு வந்து, "பிள்ளைப்பேற்று நேரம் ஏதும் பிரச்சினை இருந்ததோ, அம்மா?" என்றா.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் ஒன்றும் சொல்லவில்லை.

"ஓம்" என்றா அம்மா. "தொண்ணூற்றஞ்சு இடப்பெயர்விலை. எனக்குச் சன்னி வந்தது." பிறகு கதிரையில் சரியாக இருந்துகொண்டு, கால் வீங்கினதிலிருந்து தொடங்கினா.

இப்போது காலையில் ஒரு குளிசை எடுக்கிறா. அடுத்த கிளினிக் திகதி எனக்கும் அவவுக்கும் ஒரே நாளில் தந்திருக்கிறார்கள்.